பிராந்தி (கடலூர் வட்டாரம்)

பிராந்தி என்பது திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் முதிரவிட்ட மது. 'எரித்த ஒயின்' எனப் பொருள்படும் 'பிராண்டவெய்ன்' என்ற டச்சுச் சொல்லே இப்பெயருக்கு மூலம். கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இன்று இப்பெயரில் விற்பது பெரும்பாலும் வேறு பொருள். பெயர் நிலைத்துச் சரக்கு மாறிய கதையே இவ்வட்டாரப் பிராந்தியின் வரலாறு.

டச்சுக்காரர்கள் 1608-இல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் தங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். 1690-இல் ஆங்கிலேயர் வாங்கிய தேவனாம்பட்டினக் கோட்டை, புனித டேவிட் கோட்டை ஆனது. கப்பலில் வந்திறங்கிய பிராந்தி துரைமார் மேசையோடு நின்றது. ஊரில் குடித்தது கள்ளும் பட்டைச் சாராயமும்தான். வெல்லத்தோடு வெள்வேலம்பட்டையை ஊறப்போட்டுப் புளிக்கவைத்துக் காய்ச்சியது பட்டைச் சாராயம்.

திராட்சை இல்லாத மண்ணில் கரும்பு வந்து நின்றது. பாரி நிறுவனம் 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையைத் தொடங்கியது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த, பிசுபிசுத்த கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் எரிசாராயம் கிடைக்கும். இந்தியப் பிராந்தியின் அடித்தளம் இதுதான். கலப்புப் பிராந்தியில் 2 விழுக்காடு திராட்சைப் பிராந்தி இருந்தாலே போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி. நிறமும் மணமும் பிறகு சேர்வன.

ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் மதுக்கடைகள் திறந்தே இருந்தன. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விலகியது, கடைகள் விலகவில்லை. தமிழகத்தில் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் மீண்டும் இறுகியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். புதுச்சேரிப் பக்கம் வரி குறைவு என்பதால் கடலூர்–புதுச்சேரிச் சாலையில் முள்ளோடை இன்றும் மதுக்கடைகளுக்குப் பேர்போனது.

பெயர் மட்டும் நிலைத்த இச்சரக்கை விட்டு, உண்மையான பிரெஞ்சு பிராந்தியைச் சுவைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது விலைச்சீட்டை அல்ல, பிறப்பிடப் பெயரை. கோன்யாக் என்றால் ஷராந்த் நதிப் பகுதியில் விளைந்த திராட்சை. செப்புக் கொப்பரையில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு வைத்தது. ஒரு லிட்டர் வடிநீருக்குச் சுமார் 9 லிட்டர் ஒயின் செலவாகும். பீப்பாயில் ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள் அவ்வூர்க்காரர்கள். வி.எஸ். என்பது 2 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. 4 ஆண்டு, எக்ஸ்.ஓ. 2018 முதல் 10 ஆண்டு. கலவையிலுள்ள மிக இளைய சாராயத்தின் வயதே கணக்கு. காஸ்கனியின் அர்மாஞாக் பெரும்பாலும் ஒரே முறை வடிப்பது. மணம் முரட்டுத்தனமாக, ஆழமாக இருக்கும். நார்மண்டியின் கால்வாதோஸ் திராட்சையில் அல்ல, ஆப்பிளில் பிறப்பது.

வெறும் 'பிரெஞ்சு பிராந்தி' என்றிருந்தால் அது பிரான்சில் தயாரானது என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்லாது. 'நெப்போலியன்' என்பது கோன்யாக்கில் 6 ஆண்டு வயதைக் குறிக்கும். நம்மூர்ப் புட்டியில் வெறும் பெயர். முதல்முறை வாங்குபவருக்கு வி.எஸ்.ஓ.பி. கோன்யாக்கே தக்கது. சோடா, கோலா கலக்க வேண்டாம். சிறு கிளாஸில் இரண்டு விரற்கடை ஊற்றிக் கொஞ்சநேரம் விட்டுவைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகு நாவில் வையுங்கள். முள்ளோடையில் வாங்கிய புட்டியை அனுமதியின்றிக் கடலூருக்குக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச்சாவடி அதற்காகவே நிற்கிறது.