அதியமான் பெருவழியிலிருந்து அயல்நாட்டுப் பயணக் காப்பீடு வரை



பள்ளி விடுமுறை நெருங்குகிறது. இந்த ஒரு மாதத்தில் நான்கைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், போன வருஷம் ஐரோப்பா போனப்போ இன்சூரன்ஸ் இல்லாம விசாவே கிடையாதுன்னாங்க. இந்த வருஷம் அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு மலேசியா, பாலின்னு போறோம். யாரும் எதுவும் கேக்கல. எடுக்கணுமா, வேண்டாமா? எடுத்தா எதை எடுக்கிறது?"

நான் காப்பீட்டு முகவர் அல்ல, வரலாறு நடத்தியவன். அதனால் வரலாற்றின் வழியாகவே பதில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பயணச்சீட்டு எடுத்தவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தர்மபுரி வட்டாரத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் காதக்கற்களைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு இன்னும் 29 காதம் என்று ஒரு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரரும் தடவிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். தாவளம் என்பது வணிகர்கள் தங்கிச் செல்லும் இடம். இரவில் தங்க இடமும், சரக்குக்குக் காவலும் இல்லாமல் அந்தக் காலத்தில் யாரும் நெடுவழி போகவில்லை. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்கள் செலவிலேயே வீரர்களை வைத்திருந்தன. அப்படிக் காவல் பெற்ற ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்று பெயர்.

காவல் காத்தவன் இறந்துபோனால்? நம் மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள் அதற்குச் சாட்சி. ஊருக்காகச் சண்டையிட்டு மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் 'உதிரப்பட்டி' என்கின்றன. இரத்தம் சிந்தியதற்காகக் கொடுத்த நிலம் என்று பொருள். ஒருவனுக்கு வந்த இழப்பை ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. காப்பீட்டின் அடிப்படையும் இதுதான்.

கடல் பயணத்துக்கு வருவோம். அர்த்தசாஸ்திரத்தில் வட்டிக் கணக்கு ஒன்று உண்டு. நூறு பணத்துக்கு மாத வட்டி சாதாரணமாக ஒன்றேகால், வணிகத்துக்கு ஐந்து, காட்டு வழி போகிறவனுக்குப் பத்து, கடல் கடப்பவனுக்கு இருபது. வழி ஆபத்தானால் வட்டியும் ஏறும். வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில், நம் சேரநாட்டு முசிறித் துறைமுகத்தோடு தொடர்புடைய 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பல் ஏற்றிவந்த தந்தம், துணி முதலிய சரக்குகளின் மதிப்பு. அந்தக் காலத்துக் கிரேக்க, ரோமானியக் கடற்கடனின் வழக்கம் என்ன தெரியுமா? கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தால் வட்டியோடு திருப்ப வேண்டும். மூழ்கிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை. இழப்பு கடன் கொடுத்தவனுடையது. இன்று நாம் கட்டும் பிரீமியம் இந்தக் கூடுதல் வட்டியின் பேரப்பிள்ளைதான்.

அடுத்து வருவது இந்தப் பதிவிலேயே முக்கியமான வழக்கு. சுமத்ரா தீவின் பென்கூலனில் ஆங்கிலேயர்களுக்கு மார்ல்பரோ கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், கோட்டை அந்நியர் கையில் விழுந்தால் ஈடு கிடைக்கும்படி லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். "கோட்டை பலவீனமானது என்பதை நீர் சொல்லவில்லை" என்று காப்பீடு கொடுத்த போம் பணம் தர மறுத்தார். 1766-இல் மேன்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். ஆபத்தைப் பற்றிய உண்மைகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர் அவர் சொல்லை நம்பித்தான் ஒப்புக்கொள்கிறார். ஆகவே தெரிந்ததை மறைக்கக் கூடாது என்றார். ஆனால் அந்த வழக்கில் வென்றது கார்ட்டர்தான். கடல்கடந்த ஒரு கோட்டையின் நிலை எப்படி இருக்கும் என்பது போம் தாமே அறிந்திருக்கக்கூடியது, கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவும் கூடியது என்று நீதிமன்றம் கருதியது. நேர்மை இரு தரப்புக்கும் கடமை. இன்றும் உலகெங்கும் காப்பீட்டுச் சட்டம் நிற்பது இந்த அடித்தளத்தில்தான்.

ரயில் வந்த பிறகு காப்பீடு சாமானியர் கைக்கு எட்டியது. 1849-இல் இங்கிலாந்தில் ரயில் டிக்கெட்டோடு விபத்துக் காப்பீட்டுச் சீட்டும் விற்றார்கள். முதல் வகுப்புக்கு மூன்று பென்னி, ஈடு 1,000 பவுண்டு. இரண்டாம் வகுப்புக்கு இரண்டு பென்னி, 500 பவுண்டு. மூன்றாம் வகுப்புக்கு ஒரு பென்னி, 200 பவுண்டு. இன்று மொரப்பூரில் ரயில் ஏற ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்கும்போது 45 காசுக்கு ஒரு கட்டம் வருகிறதே, அதன் மூதாதை இதுதான்.

எந்தக் காப்பும் இல்லாமல் கடல் கடந்தவர்களும் நம்மவர்கள்தான். 19-ஆம் நூற்றாண்டில், தர்மபுரி அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின. வழிச்செலவோ கங்காணியிடம் பட்ட கடன். அந்தக் கடனைக் குறித்த 'துண்டு'ச் சீட்டு ஒருவரைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டது. அந்த முறை 1921-இல்தான் ஒழிந்தது. ஆபத்து முழுவதும் கூலியாளின் தலையில், ஆதாயம் வேறொருவர் கையில். இன்று குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, 2003-இல் கொண்டுவந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியமும் வரியும் கட்டினால் 10 லட்ச ரூபாய் வரை காப்பு. ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களுக்கு. சுற்றுலா போகும் நமக்கு அல்ல.

நமக்கானது 1984-இல் வந்தது. அந்நியச் செலாவணிக்கு அல்லாடிய காலம் அது. அப்போது பொதுக் காப்பீடு முழுவதும் நான்கு அரசு நிறுவனங்களின் கையில் இருந்தது. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னை. பிரீமியத்தை இங்கே ரூபாயில் கட்டலாம், வெளிநாட்டில் நோய்வாய்ப்பட்டால் செலவை அந்நாட்டுப் பணத்தில் தருவார்கள் என்ற 'ஓவர்சீஸ் மெடிகிளெய்ம்' அப்போதுதான் அறிமுகமானது. அதிலேயே உலகம் இரண்டாகப் பிரிந்தது: அமெரிக்காவும் கனடாவும் நீங்கலாக ஒரு திட்டம், அவை உட்பட இன்னொரு திட்டம். அங்கே மருத்துவச் செலவு அவ்வளவு அதிகம். இன்றும் விண்ணப்பத்தில் அந்தப் பிரிவினை இருக்கிறது.

ஐரோப்பாவின் கதை தனி. 2004 ஜூன் 1 முதல் ஷெங்கன் நாடுகளின் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயமானது. அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். நமக்காக அங்கே சட்டமே கணக்குப் போட்டுவிட்டது. அதற்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் யாரும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. கணக்கை நாமே போட வேண்டும் என்றுதான் பொருள். எனவே என் பதில்: கட்டாயம் எடுங்கள், பார்த்து எடுங்கள்.

முதலாவது, தொகை. மலிவான பாலிசி எது என்று தேடாதீர்கள். போகும் நாட்டில் ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத் தொகையை முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் தனியார் மருத்துவமனைச் செலவு நம் ஊரோடு ஒப்பிட முடியாதது. அமெரிக்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வழியில் ஓரிரு நாள் அமெரிக்காவில் தங்கினாலும் 'அமெரிக்கா உட்பட' திட்டம்தான் வேண்டும்.

இரண்டாவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும். "அதெல்லாம் எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் மகளைப் பார்க்க அமெரிக்கா போனார். பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர். படிவத்தில் 'நோய் எதுவும் இல்லை' என்று இருந்தது. நெஞ்சுவலி வந்து ஐந்து நாள் படுத்தார். மருத்துவமனைக் குறிப்பில் அந்தப் பத்து ஆண்டும் பதிவானது, க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. மகளும் மருமகனும் அந்தக் கடனைத் தவணை தவணையாக அடைத்தார்கள். அவர் உயிரோடு திரும்பினார். ஆனால் அதன் பிறகு மகளிடம் போனில் பேசும்போதுகூட அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. பென்கூலன் கோட்டையை நினைவில் வையுங்கள். உள்ளதைச் சொல்லி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எதுவரை காப்பு உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். பல பாலிசிகளில் உயிர் காக்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் தருவார்கள்.

மூன்றாவது, விலக்குகள். காதக்கல் எழுத்தறியாதவருக்கும் தூரம் சொன்னது. பாலிசியின் பொடி எழுத்து படித்தவருக்கே புரிவதில்லை. ஆனாலும் படியுங்கள். பாலியில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கும் இளைஞர்களே, அங்கே செல்லும் உரிமம் இல்லாமலோ மது அருந்தியோ ஓட்டி விழுந்தால் பொதுவாகக் காப்பீடு கைகொடுக்காது. ஆழ்கடல் நீச்சல் போன்ற சாகசங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, மலை. முக்திநாத்தும் கயிலாயமும் போகும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். நேபாளத்துக்கு விசா இல்லை என்பதால் அதை வெளிநாடாகவே நாம் நினைப்பதில்லை. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2018 ஜூலையில் மானசரோவர் போய்த் திரும்பிய இந்தியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மழையால் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். எனவே ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, எவ்வளவு உயரம் வரை என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, சொல்லக் கசப்பானது. இறந்தால் உடலை ஊர் கொண்டுவரும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். அமங்கலம் என்று ஒதுக்காதீர்கள். நம் முன்னோர் உதிரப்பட்டி எழுதியதும் மரணத்தைக் கணக்கில் எடுத்துத்தான்.

பாலிசியைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். அதில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை அப்பா சட்டைப்பையிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போதே அந்த எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருக்கும் ஒருவரிடம் பாலிசி நகல் இருக்கட்டும். நியாயமில்லாமல் க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஊரையும் உலகையும் பாருங்கள். பெற்றோரைக் கூட்டிப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். பாலிசி எடுத்தாயிற்று என்பதைப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர், தர்மபுரி