குர்லாவின் பத்மினியும் சென்னையின் ஃப்ரெஷ்டெஸ்க்கும்

மும்பையின் குர்லா ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸுக்கு (பி.கே.சி.) வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "புராடக்ட் மேனேஜர் ஆக எந்தக் கோர்ஸில் சேரலாம்?" கோர்ஸ் விளம்பரங்களைப் புரட்டுவதைவிட, இரண்டு பொருள்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தரும் என்று நினைக்கிறேன். ஒன்று, இதே குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி கார். மற்றது, நிறுவனங்கள் வாடிக்கையாளர் புகார்களைக் கையாள, சென்னையில் உருவான ஃப்ரெஷ்டெஸ்க் மென்பொருள்.

வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் குர்லாவில் தொழிற்சாலை அமைத்தது. இத்தாலியின் ஃபியட் 1100 டிலைட் 1964 முதல் இங்கே உருவாகி, 1974-ல் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங் தண்டில் கியர், முன்பக்கம் பெஞ்சு மாதிரி நீளமான சீட். இறக்குமதிக்கு வழியில்லாத காலத்தில் பாகங்களை உள்ளூரிலேயே செய்து பழகிய அந்தப் பொறியாளர்களின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காருக்குக் காத்திருந்த காலம் அது. எத்தனை கார் செய்யலாம் என்பதையே அரசு உரிமம்தான் தீர்மானித்தது. வரிசையில் நிற்பவரிடம் "கியர் எங்கே இருந்தால் உங்களுக்கு வசதி?" என்று கேட்க எந்த நிறுவனத்துக்கும் அவசியம் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. சி.எஸ்.டி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளிலும் கராஜ்களிலும் நாள் முழுக்க நின்றவர்களுக்கு, எந்தப் பாகம் எப்போது தேயும், மே மாத டிராபிக்கில் வண்டி எங்கே மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. பிறகு சி.என்.ஜி. வந்தபோது சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டது. பெட்டிகள் கூரைமேல் கேரியருக்குப் போயின. எல்.டி.டி. ரயில் நிலையத்தில் இறங்கிய குடும்பத்தின் சூட்கேஸ்களைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய டாக்ஸிக்காரர் செய்ததும் ஒரு வடிவமைப்பு வேலைதான். தெருவில் இத்தனை அறிவு குவிந்து கிடந்தது. அதைக் கேட்டு எழுதி, வரைபடத்தை மாற்றும் மேசைக்குக் கொண்டு போகிற ஆள், இன்றைய சொல்லில் புராடக்ட் மேனேஜர், அவர்தான் இல்லை. 1983 டிசம்பர் 14 அன்று, தரையில் கியர் வைத்த மாருதி 800 சாலைக்கு வந்தது. பத்மினியின் கியர் தரைக்கு இறங்கியதோ 1990-களின் பிற்பகுதியில், உற்பத்தி நிற்பதற்குச் சற்று முன்புதான்.

சென்னைக் கதை நேர் எதிர்த்திசையில் போகிறது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2001-ல் அட்வென்ட்நெட்டில், அதாவது இன்றைய ஸோஹோவில், ப்ரீசேல்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தார். வாங்க வந்தவருக்குப் பொருளைக் காட்டி, அவருடைய சந்தேகத்தையும் ஆட்சேபத்தையும் முதல் ஆளாகக் கேட்கும் நாற்காலி அது. அங்கிருந்து புராடக்ட் மேனேஜர், பிறகு அதே துறையின் துணைத் தலைவர். 2010 அக்டோபரில் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அதன் பின்னணியிலும் ஒரு புகார் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அவருடைய டிவி உடைந்திருந்தது. மாதக்கணக்கில் அலைந்தும் கிடைக்காத இழப்பீடு, இணையத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதியதும் விரைவிலேயே கிடைத்தது. வாடிக்கையாளரின் குரலுக்கு வலிமை கூடிவிட்டது என்பதை அவர் அதில் கண்டார். 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், அந்தச் சிறு நிறுவனம் வளர்ந்த வடிவம்தான்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைத் தனிமனிதர்களின் கெட்டிக்காரத்தனத்தில் தேடினால் கிடைக்காது. மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுகிறவர் அடுத்த மாதமே விலகிவிடலாம். பத்மினிக்குப் பதிந்தவருக்குப் போக இடம் இல்லை. புராடக்ட் மேனேஜர் என்ற வேலைக்கு உயிர் கொடுப்பது வாடிக்கையாளரின் இந்த விலகும் உரிமைதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் (பி அண்ட் ஜி) நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் 1931 மே மாதம் எழுதிய குறிப்பை இந்தத் தொழிலின் வித்து என்பார்கள். கேமே சோப்பு, அதே நிறுவனத்தின் ஐவரி உட்படப் பல சோப்புகளோடு போட்டி போட வேண்டியிருந்த நிலையில், ஒவ்வொரு பிராண்டுக்கும் பொறுப்பாக ஆள் வேண்டும் என்று கேட்டு எழுதியது அது. அங்கேயும் போட்டிதான் இந்த வேலையைப் பிறப்பித்தது.

பத்மினி பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. வடிவம் மாறாததால்தான் எந்த மூலையிலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தார். உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும், 2023 அக்டோபர் இறுதி வரை அது மும்பையில் காலி-பீலியாக, அதாவது கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக, ஓடியது. வருகிற புகாருக்கெல்லாம் ஒரு பட்டனைச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் யாருக்கும் புரியாமல் போன செயலிகளைப் பார்க்கும்போது இந்த நிதானத்தின் அருமை தெரிகிறது.

ஆகவே பி.கே.சி.யில் கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு என் பதில் இது. நீங்கள் தவறான இடத்தில் இல்லை. தெருவின் அறிவு முதலில் வந்து சேரும் மேசை உங்களுடையது. வரும் புகார் டிக்கெட்டுகளை மூடுவதோடு நிற்காதீர்கள். வாரம் ஒருமுறை அவற்றை வகை பிரியுங்கள். எந்தப் புகாரால் ஆட்கள் கணக்கை மூடுகிறார்கள், எது வெறும் முணுமுணுப்பு என்று எண்ணிக்கையோடு ஒரு பக்கத்துக்குள் எழுதி, உங்கள் யோசனையையும் சேர்த்து புராடக்ட் டீமுக்கு அனுப்புங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தால், ரோட்மேப் பேசும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்கும் தகுதி தானாக வந்துவிடும். வெளியிலிருந்து சான்றிதழோடு வருகிறவருக்கு வாடிக்கையாளர் இன்னும் பழகாத ஆள். உங்களுக்கு அவருடைய கோபம் வரை தெரியும். கூடவே, எந்தப் புகாரைக் கேட்டும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள், ஏன் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் நல்ல மேலாளர்கள் துருவிக் கேட்பது அதைத்தான்.