பேரன் கேட்ட பந்துப் புத்தகம்

போன வாரம் விதை வாங்க புதுச்சேரி டவுனுக்குப் போனப்ப பேரனையும் கூட்டிட்டுப் போனேன். "தாத்தா, ஃபுட்பால் கதைப் புத்தகம் வேணும்"னு ஒரே பிடிவாதம். ரெண்டு மூணு கடை ஏறி இறங்கினோம். இருந்ததெல்லாம் மெஸ்ஸி, ரொனால்டோ, அதுவும் இங்கிலீஷில். தமிழில் ஒன்றுகூட சிக்கவில்லை. சரின்னு திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே ஒரு கதை சொன்னேன்.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படி நாம் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். நடுவில் ஏழரை வருஷத்துக்கு மேல், நம்ம ஊர் காகிதத்தில் பிரான்ஸ், நடப்பில் இந்தியா.

அந்த இடைவெளியில்தான் 1960 ரோம் ஒலிம்பிக் வந்தது. ஆகஸ்ட் 29 அன்று கால்பந்தில் இந்தியாவும் பிரான்சும் மோதின. பி.கே. பானர்ஜி முதலில் கோல் போட்டார். ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. 1-1.

அடுத்த ஆட்டத்தில் பெருவிடம் 3-1 என்று தோற்றோம். நமக்குக் கிடைத்த அந்த ஒரு கோலைப் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ், நம்ம தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் அதுதான். அதுக்கப்புறம் இந்தியா தகுதி பெறவே இல்லை.

"பிரான்சோட ஆடினப்ப நம்ம ஊரு எந்தப் பக்கம் தாத்தா?"

"ரெண்டு பக்கமும்தான்டா."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

அதுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பிச்சிருக்கேன். படம் அவன் போடுறான். உங்க வீட்டிலும் பந்து உதைக்கிற பிள்ளை இருந்தா, அதுவரைக்கும் வாயாலேயே சொல்லிடுங்க.