வீழ்ந்தவனும் வெல்லும் வித்தை

கண்டி மாநகருக்குத் தென்மேற்கே, உடுநுவரைப் பகுதியில், எம்பெக்கே தேவாலயம் அமைந்துள்ளது. கதிர்காமக் கடவுளுக்குரிய இக்கோயில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில் எழுந்ததாகும். அதன் மேளமண்டபத்து மரத்தூண்களில் அன்னமும் ஆடல் மகளிரும் இருதலைப் புள்ளும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றினிடையே ஒருவரையொருவர் பற்றிப் பிணைந்த மல்லர் இருவரின் உருவமும் உண்டு. மலைநாட்டார்க்கு மற்போர் பழகிய காட்சி என்பதற்கு அம்மரமே சான்றாகும்.

சிங்கள மக்கள் தம் பழைய போர்க்கலையை அங்கம்பொர என்பர். அங்கம் என்பதும் பொர என்பதும் தமிழ்ச் செவிக்கு அயலான சொற்கள் அல்ல. கலைஞரும் இரு நாடுகளுக்கிடையே வந்து போயினர். எம்பெக்கேக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டில் அமைத்தவர் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பியே.

அத்தென்னாட்டின் மற்போரைப் புறநானூற்றில் காணலாம். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். சோழன் ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றினான். மற்றொரு காலால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்தான். மேலே இருப்பவனுக்கு இரண்டாவது காலின் காவல் எதற்காக? கீழே கிடப்பவனும் ஆபத்தானவன் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதே விடை.

அந்த ஆபத்து யாது? மல்லாந்து கிடப்பவன், தன் கால்களுக்கிடையே மண்டியிட்டிருக்கும் எதிரியின் ஒரு கையைப் பற்றித் தன் மார்போடு இழுக்கிறான். இடுப்பைச் சற்றே விலக்கி, ஒரு முழங்காலை எதிரியின் வயிற்றுக்குக் குறுக்கே வைக்கிறான். மற்றக் காலைத் தரையோடு தாழ்த்தி, பிடித்த கையின் பக்கத்திலுள்ள எதிரியின் முழங்காலைத் தடுக்கிறான். பின்னர் மேற்காலைத் தள்ளிக் கீழ்க்காலை இழுக்க, கத்தரிக்கோல் போல் இரண்டும் இயங்குகின்றன. ஒரு பக்கத்துக் கையும் காலும் ஊன்ற இயலாதவன், இரு கால் இழந்த மேசைபோல் அப்பக்கமே சாய்கிறான். கிடந்தவன் உடன் உருண்டு மேலேறுகிறான். இங்கு வென்றது வலிமையன்று, நிலைகுலைக்கும் நுட்பமே.

இந்தியக் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். ஆதலின் இப்புரட்டுக்கு அங்கே இடமில்லை. ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் நிறுவிய ஜூடோப் பள்ளியிலோ தரைப்போரும் பாடமாயிற்று. அவர் மாணவர் மயேடா 1914இல் பிரேசில் சென்று அதனைப் பரப்பினார்; அங்கே கீழிருந்து பொருதல் தனிக்கலையாகவே வளர்ந்தது.

கண்டியின் கதை வேறு. 1815இல் அரசு வீழ்ந்தது. 1818இல் கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. அதன்பின் அங்கம்பொரப் பயிற்சி மறைவிலேயே தொடர்ந்தது என்பர் அக்கலையினர். மரத்தில் செதுக்கிய பிடி ஆறு நூற்றாண்டுகள் நிலைத்தது. ஆனால் அப்பிடிக்கு அடுத்த அசைவைச் சிற்பம் சொல்லாது. அதனை ஆசான் உடலிலிருந்து மாணவன் உடலே கற்க வேண்டும். அத்தொடர் ஒரு தலைமுறை அறுந்தால், தூணில் மல்லர் நிற்பர். அவர்தம் வித்தை மறையும்.