கவாத்தும் கல்வியும்: வேலூர் முதல் பொம்மனஹள்ளி வரையிலான காவலர் பயிற்சி வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் சாலை ஆடுகோடி, மடிவாளா ஆகிய பகுதிகளைக் கடந்து பொம்மனஹள்ளியை அடைகிறது. ஆடுகோடியில் நகர ஆயுதப்படையின் திடலும், அதனை அடுத்துள்ள கோரமங்களாவில் மாநிலச் சேமக் காவற்படையின் திடலும் உள்ளன. அதே சாலையில் தெற்கே சென்று, கிருஷ்ணகிரியில் கிழக்கே திரும்பினால் வேலூர்க் கோட்டை வரும். பழைய சென்னை மாகாணத்தின் காவலர்கள் பயிற்சி பெற்ற இடம் அது. ஒரே சாலையின் இரு முனைகளிலும் காவற்றொழில் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இடையில் உள்ள பொம்மனஹள்ளியிலோ ஆடைத் தொழிற்சாலைகளையும் கட்டட வேலைகளையும் நம்பிக் குடியேறிய தமிழர் பலர் வாழ்கின்றனர். காவலர் ஒருவர் பயிற்சிக் காலத்தில் எதைக் கற்றார், எதைக் கல்லாது விட்டார் என்பது இத்தகைய குடியேறிகளின் வாழ்வில் நேரடியாகப் பொருள்படும் வினாவாகும். அவ்வினாவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கியம் காட்டும் இருவகைக் காவலர்

காவலர்க்குக் கல்வி வேண்டும் என்னும் கருத்து ஆங்கிலேயர் கொண்டுவந்தது எனக் கருதுவது பொருந்தாது. மதுரைக்காஞ்சி மதுரை நகரின் இரவைப் பாடுமிடத்து ஊர்காப்பாளரைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கள்வர் நூலேணியும் நிலம் அகழும் உளியும் கொண்டு இருளில் ஒடுங்கியிருப்பர். யானையின் வரவு நோக்கும் புலியைப் போல அவர்களை நோக்கித் துயிலாது காத்திருப்போரே ஊர்காப்பாளர். மழை பெய்யும் நள்ளிரவிலும் அவர்கள் தளராது தெருக்களில் திரிந்தனர் என்கிறார் மாங்குடி மருதனார். வீரமும் விற்படையும் மட்டுமே அவர்களுக்குக் கூறப்படவில்லை. நூல் காட்டும் நெறியினின்று வழுவாத நுட்பமான தேர்ச்சியும் அவர்க்குரிய அடையாளமாகச் சொல்லப்படுகிறது. கள்வரின் வழிகளை நூலாகப் பயின்று, அதனைக் கொண்டு கள்வரை அறிபவரே காவலர் என்னும் எண்ணம் இதில் பொதிந்துள்ளது.

அதே மதுரையில் இதற்கு நேர்மாறான காவலர் கூட்டத்தைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை காட்டுகிறது. சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பது பாண்டியன் கட்டளை. பொருள் கையில் உள்ளதா என்பதொன்றே அதில் நிபந்தனை. அது எவ்வாறு அங்கு வந்தது என்னும் உசாவலுக்கு இடமில்லை. கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என முதலில் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினையும் அடுக்கிக் களவு நூல் வல்லவன் போலப் பேசி அவர்களை மயக்குகிறான். அறிவு காவலரிடம் இல்லை, குற்றவாளியிடம் இருக்கிறது என்பது இளங்கோவடிகள் அமைத்த முரண். பின்னர் இளங்காவலன் ஒருவன், முன்னொரு மழையிரவில் தன் வாளைப் பறித்து மறைந்த கள்வனைப் பற்றிக் கூறி, தக்கது செய்யாவிடின் வேந்தன் தங்களை வருத்துவான் என அஞ்சுகிறான். இறுதியில் கல்வியறிவற்ற, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வது கருதத்தக்கது: முதலில் ஐயம், அடுத்து மேலிடத்தின் மீதான அச்சம், அதன்பின் கல்லாமையின் கை. காவலர் அனைவரும் கொடியவராக அங்குக் காட்டப்படவில்லை. ஐயுற்றவர் தம் ஐயத்தைச் செயலாக்கும் முறை அறியாதவராக நின்றனர். அறிந்திருப்பின் கோவலன் அரசவைக்கு அழைத்துச் செல்லப்பட்டிருப்பான். பிற்காலக் காவற் சீர்திருத்த அறிக்கைகள் பலவும் இம்மூன்றையே வேறு சொற்களில் பேசுகின்றன.

ஊர்க்காவல்

சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி பயில்கிறது. பாளையக்காரர் காலத்தில் திசைகாவல் என்னும் உரிமை வழங்கியது. சிற்றூர்களில் தலையாரி இருந்தார். மைசூர் நாட்டுச் சிற்றூர்களிலும் இதே அமைப்பைக் காணலாம். ஆங்கிருந்த பன்னிரு ஆயகாரருள் தளவாரரும் தோட்டியும் அடங்குவர். தமிழின் தலையாரிக்கும் கன்னடத்தின் தளவாரருக்கும் உள்ள சொல்லுறவு தனியே ஆராயத்தக்கது. இன்று பெருநகரின் பகுதியாகிவிட்ட பொம்மனஹள்ளி பெயரளவிலேனும் இன்னும் ஹள்ளியாகவே, அதாவது சிற்றூராகவே இருக்கிறது. மைசூர் அரசில் இவர்களுக்கு மேல் கந்தாசாரம் எனப்பட்ட படையினர் இருந்தனர். போர்ப்பணி, காவற்பணி ஆகிய இரண்டும் அவர்களுடையவை. இவ்வமைப்புகளில் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. அதற்கெனப் பள்ளி இருந்ததாகத் தெரியவில்லை.

கிட்டியும் அண்ணாந்தாளும்

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி சென்னை மாகாணத்தில் காவற்பணியை மாவட்ட ஆட்சியரிடமும், அவருக்குக் கீழ் வட்டாட்சியரிடமும் ஒப்படைத்தது. வரி தண்டுபவரே குற்றவாளியையும் பிடிப்பவரானார். விளைவு கொடியதாயிற்று. 1854இல் அமைக்கப்பட்டு 1855இல் அறிக்கை அளித்த சித்திரவதை விசாரணை ஆணையத்தில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் உறுப்பினராக இருந்தனர். குறுகிய காலத்தில் 1,900க்கும் மேற்பட்ட முறையீடுகள் அவ்வாணையத்திற்கு வந்தன. வரிப்பாக்கியை வாங்கவும் குற்ற ஒப்புதலைப் பெறவும் மக்கள் வதைக்கப்பட்டனர் என்பதை அறிக்கை உறுதிசெய்தது.

தமிழாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தியொன்று அவ்வறிக்கையில் உண்டு. விரல்களை மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் அவ்வாறே ஆங்கில எழுத்தில் இடம்பெற்றுள்ளன. பின்னர் வந்த காவற்பயிற்சியின் சொற்களோ வேற்றுமொழிகளிலிருந்து தமிழுக்கு வந்தவை. கவாத்து, பாரா, லத்தி, டாணா ஆகியன இந்துஸ்தானி வழி வந்தன. ரோந்து, பரேடு, லாக்கப் ஆகியன ஆங்கில வழி வந்தன. வதையின் சொற்கள் இங்கிருந்து சென்றன, ஒழுங்கின் சொற்கள் அங்கிருந்து வந்தன என்று இதனைக் காலனிய அரசு தனக்குச் சாதகமாகவே எண்ணியிருக்கும். ஆயினும் கிட்டியைப் பயன்படுத்தியோர் அவ்வரசின் வரியைத் தண்டுவதற்காகவே அதனைப் பயன்படுத்தினர் என்பதை மறத்தலாகாது.

வதை ஆணையத்தின் அறிக்கைக்குப் பின்னரே வருவாய்த்துறையினின்று காவல்துறை பிரிக்கப்பட்டது. 1858இல் வில்லியம் ராபின்சன் காவல்துறையின் முதல் தலைவரானார். 1859இன் 24ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறைக்கு அடிப்படையாயிற்று. இந்தியா முழுமைக்குமான 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்திற்கும் முற்பட்டது அது. காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்னும் விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25, 26ஆம் பிரிவுகளாக நிலைபெற்றது. ஒவ்வொரு பயிற்சிக் காவலரும் மனப்பாடம் செய்த பிரிவுகள் இவை. இன்று பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23ஆம் பிரிவில் அவை உள்ளன. சட்டம் தன் காவலரையே நம்ப மறுக்கும் இவ்விதி எதனால் பிறந்தது என்னும் வரலாற்றைச் சொல்லாமல் பிரிவின் எண்ணை மட்டும் கற்பித்தால், பயில்பவர் அதனைத் தம் மீதான அவமதிப்பாகவே கொள்வர். போதாக்குறைக்கு, ஒப்புதலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்படின் அந்த அளவிற்கு அவ்வாக்கு ஏற்கப்படும் என்று 27ஆம் பிரிவு கூறியது. சிலம்பு கையில் இருந்தால் போதும் என்ற பாண்டியன் கட்டளையின் சாயலை இதில் காண்போர் உண்டு.

வேலூர்க் கோட்டை

புதிய காவல்துறை லண்டன் மாநகரக் காவலைப் பின்பற்றவில்லை; 1843இல் நேப்பியர் சிந்துவில் அமைத்த படையின் வழியாக அயர்லாந்துக் காவற்படையையே முன்மாதிரியாகக் கொண்டது. அயர்லாந்துப் படை ஆயுதம் தாங்கியது, முகாம்களில் வாழ்ந்தது, அடங்காத நாட்டை அடக்க உருவானது. ஆகவே பயிற்சி என்பதன் பொருளும் முதன்மையாகக் கவாத்து என்றாயிற்று. வரிசையில் நிற்றல், ஆணைக்கு அடிபெயர்த்தல், துப்பாக்கி ஏந்துதல், மேலாளருக்கு வணக்கம் செலுத்துதல் ஆகியன முதலிடம் பெற்றன.

1902-03இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையிலான காவல் ஆணையம் நாடெங்கும் சென்று ஆராய்ந்து, காவல்துறை திறமையற்றது, பயிற்சியிலும் அமைப்பிலும் குறையுடையது, ஊழலும் ஒடுக்குமுறையும் மிக்கதென மக்கள் கருதுகின்றனர் என வெளிப்படையாக எழுதியது. காவலருக்கும் அதிகாரிகளுக்கும் முறையான பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. சென்னை மாகாணத்தில் இப்பணிக்குரிய இடமாக வேலூர்க் கோட்டை அமைந்தது. 1806 ஜூலை 10இல் புதிய தலைப்பாகையும் தோற்ற விதிகளும் காரணமாகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே கோட்டையில், பின்னாளில் இளங்காவலர்க்குத் தலைப்பாகை கட்டும் முறை கற்பிக்கப்பட்டது. திட்டமிட்டு அமைத்திருப்பினும் இதனினும் பொருத்தமான இடம் கிடைத்திராது.

வேலூரில் ஆங்கில இளம் அதிகாரிகளும் பயின்றனர். அவர்கள் மாகாண மொழியில் தேர்வெழுதித் தேற வேண்டியிருந்தது. ஆளப்படுவோரின் மொழி தெரியாமல் காவல் செய்ய இயலாது என்பதைக் காலனிய அரசு தன் நலன் கருதியேனும் உணர்ந்திருந்தது. உயர் பயிற்சி 1970களில் சென்னை அசோக் நகருக்கு மாற்றப்பட்டது. வேலூர்க் கோட்டையில் காவலர் பயிற்சிப் பள்ளி தொடர்ந்தது. 2008இல் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் திறக்கப்பட்டது. மைசூர்ப் பகுதியில் சென்னப்பட்டணத்துப் பயிற்சிப் பள்ளியும், மைசூரிலுள்ள கர்நாடகக் காவல் பயிற்சியகமும் இப்பணியைச் செய்து வருகின்றன. 1948இல் மவுண்ட் அபுவில் தொடங்கப்பட்ட தேசியப் பயிற்சி நிறுவனம் 1975இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது. தமிழ்நாட்டில் பெண்கள் 1973இல்தான் காவல்துறையில் சேர்க்கப்பட்டனர்.

பாடத்திட்டம் என்னும் சிக்கல்

பயிற்சிப் பள்ளியின் ஒரு நாள் விடியுமுன் உடற்பயிற்சியோடு தொடங்குகிறது. கவாத்து, லத்திப் பயிற்சி, ஆயுதப் பயிற்சி, கூட்டம் கலைத்தல் ஆகியன திடலில் நடப்பவை. தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம், நிலையாணைகள், முதலுதவி, நிலையப் பதிவேடுகள் ஆகியன வகுப்பறையில் நடப்பவை. திடலில் களைத்த உடல் வகுப்பறையில் உறங்குவது இயல்பு. 1971இல் அமைக்கப்பட்ட எம்.எஸ். கோரே தலைமையிலான காவல் பயிற்சிக் குழு இச்சமநிலையின்மையைச் சுட்டியது. சமூகவியலும் உளவியலும் மனித நடத்தையும் பாடமாக வேண்டும், பயில்பவரின் மனப்பாங்கு மாற வேண்டும் என அது வற்புறுத்தியது. குழுத் தலைவர் காவல் அதிகாரியல்லர், சமூகப்பணிக் கல்வியாளர் என்பது குறிப்பிடத்தக்கது. 1977 முதல் 1981 வரை செயற்பட்ட தேசியக் காவல் ஆணையமும் காவலர் நிலையையும் பயிற்சியையும் விரிவாக ஆராய்ந்தது. கைது செய்வோர் பின்பற்ற வேண்டிய நெறிகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வகுத்தது. அவையும் பயிற்சிக்குரிய பாடமாயின. ஆயினும் 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தனர். பிரிவுகள் கற்பிக்கப்படாமையால் அது நேர்ந்தது எனக் கூற இயலாது.

பயிற்சிப் பள்ளியில் எழுதப்பட்ட பாடத்திட்டத்தோடு எழுதப்படாத ஒன்றும் உண்டு என்பதைத் தமிழ்ப் படைப்புகள் ஆய்வறிக்கைகளைவிடத் துலக்கமாகக் காட்டியுள்ளன. காவல்துறையில் பணியாற்றிய தமிழ் என்பவர் இயக்கி 2022இல் வெளிவந்த 'டாணாக்காரன்' திரைப்படம் முழுவதும் பயிற்சிப் பள்ளிக்குள்ளேயே நிகழ்கிறது. பயில்பவர் அங்குச் சட்டத்தைவிட முன்னதாகக் கற்பது, மேலே உள்ளவன் கீழே உள்ளவனை எவ்வாறு நடத்தலாம் என்பதையே. தான் பட்ட இழிவைத் தனக்குக் கீழே உள்ளவர்க்கு அவர் கடத்துகிறார். காவல் நிலையத்தில் தமக்குக் கீழே உள்ளவராக அவர் காண்பது வழக்காளியையும் கைதியையும்தான். கோரே குழு மனப்பாங்கு என்னும் ஒரு சொல்லில் அடக்கிய சிக்கல் இதுவேயாகும்.

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1980களில் வேலை தேடிக் குண்டூர் சென்ற தமிழ் இளைஞர்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்பட்ட பட்டறிவு அது; 'விசாரணை' திரைப்படத்திற்கு மூலமாக அமைந்ததும் அதுவே. அங்கு வதைபட்டோரின் முதற்குறை அவர்கள் அவ்வூர் மொழி அறியாதவர் என்பது. தயங்கிய மதுரைக் காவலரேனும் கோவலன் பேசியிருப்பின் அதனைப் புரிந்துகொண்டிருப்பர்.

இவ்விடத்தில் பொம்மனஹள்ளி மீண்டும் பொருள்படுகிறது. 1947 வரை பிரித்தானியர் ஆட்சியில் இருந்த பெங்களூர்த் தண்டுப் பகுதியில் தமிழ் பெருவழக்காக இருந்தது. ஆங்குப் பணிபுரிந்த காவலர்க்கு அம்மொழி புதிதன்று. பொம்மனஹள்ளி அவ்வாறு வளர்ந்ததன்று. மைசூர்ச் சிற்றூராக இருந்து, தொழிற்சாலைகளால் பெருகி, 2007இல் பெருநகர மாநகராட்சியில் இணைந்தது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிச் சிக்கலால் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, தமிழர் பாதுகாப்புக்காக நோக்கியது இந்நகரின் காவலரைத்தான். கூட்டம் கலைத்தலில் பெற்ற பயிற்சி அந்நாள்களில் பயன்பட்டிருக்கும். ஏனைய நாள்களில் தேவைப்படுவது வேறு.

முறையீடு வாய்மொழியாக வருமாயின் அதனை எழுத்தில் பதிந்து முறையிட்டவர்க்கு வாசித்துக் காட்ட வேண்டும், படியினை விலையின்றி அளிக்க வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. கூலி கிடைக்கவில்லை என்றோ, உடன் வந்தவரைக் காணவில்லை என்றோ தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வந்த தொழிலாளி ஒருவர் பொம்மனஹள்ளியில் தமிழில் முறையிடுவாராயின், அது கன்னடத்தில் எழுதப்பட்டு அவருக்குக் கன்னடத்திலேயே வாசித்துக் காட்டப்படலாம். சட்டத்தின் சொல் அவ்வாறு நிறைவேறும். அவர் கேட்டது தம் சொல்தானா என்பதை அவர் அறியார். வேலூரில் ஆங்கில அதிகாரிக்குக் கட்டாயமாயிருந்த மொழித்தேர்வு, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவராயின் பொம்மனஹள்ளிக் காவலர்க்குத் தேவையற்றது எனக் கருதப்படும். ஓசூர் எல்லையைக் கடந்து தமிழகத்திற்குள் வேலைக்கு வரும் கன்னடர்க்கும், இந்தி பேசும் தொழிலாளர்க்கும் தமிழகக் காவல் நிலையங்களில் இதே நிலைதான்.