ஜப்பானியக் காலத்தொடர்களில் வினையின் காலம்: ஒரு வரலாற்று நோக்கு

ஜப்பானிய மொழியில் இறந்தகால வடிவம் எனப்படும் '-த' ஈறு, காலத்தொடர்களில் இனி நிகழவிருப்பதையும் குறிக்கும். இதனை இலக்கண முரணாகக் கொள்வது பொருந்தாது என்பதை அவ்வீற்றின் வரலாறு காட்டுகிறது.

ஹெயன் காலத்து (794–1185) மொழியில் இறப்பையும் முடிவுறுதலையும் உணர்த்தக் கி, கெரி, த்சு, நு, தரி, ரி என ஆறு துணைவினைகள் வழங்கின. இவற்றுள் 'தரி' என்பது எச்ச ஈறாகிய 'தெ'யும் 'இரு' எனப் பொருள்படும் 'அரி'யும் சேர்ந்து பிறந்தது. தமிழின் 'செய்திருத்தல்' என்னும் அமைப்பை ஒத்தது. செயல் முடிந்து அதன் விளைவு நிலைத்திருத்தலே அதன் அடிப்படைப் பொருள். முரோமாச்சிக் காலம் (1336–1573) முடிவதற்குள் ஏனையவை பேச்சு வழக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. 'தரி' மட்டும் 'த' எனக் குறுகி, அவற்றின் பணிகளையும் ஏற்றது. எனவே இன்றைய '-த' இறந்தகாலம், முடிவுறுதல் ஆகிய இரு பொருள்களையும் தாங்கி நிற்கிறது.

இயேசு சபைத் துறவி ஜோவாவ் ரொட்ரிகஸ் 1604–1608இல் நாகசாகியில் அச்சிட்ட இலக்கணம், இலத்தீன் மரபையொட்டி ஜப்பானிய வினைக்குக் காலப் பாகுபாடு வகுத்தது. அத்தகைய பாகுபாடு முற்றுவினைக்கு ஓரளவு பொருந்தும். பேசும் நேரமே அங்கு அளவுகோல். காலத்தொடரிலோ பெரும்பாலும் முற்றுவினையின் நிகழ்வே அளவுகோலாகிறது. முற்றுவினை எக்காலத்தது ஆயினும், 'முன்' எனப் பொருள்படும் 'மாஎ' என்பதற்கு முன்னர் '-த' வராமையும், 'பின்' எனப் பொருள்படும் 'அதொ' என்பதற்கு முன்னர் '-த' வருதலும் இதற்குச் சான்று.

'தொகி' என்பது, தமிழின் 'போது' போலவே, பொழுதைக் குறிக்கும் பெயர். அதற்கு முன்னர் இருவகை வடிவங்களும் வரும். 'இகு தொகி' (போகும்போது) பை வாங்கினேன் எனின், ஜப்பானை அடையும் முன்னரே வாங்கியமை பெறப்படும். 'இத்த தொகி' (போனபோது) வாங்கினேன் எனின், வாங்கிய இடம் ஜப்பான். முற்றுவினை இறந்தகாலம் என்பதற்காக முன்னதையும் 'போனபோது' என மொழிபெயர்த்தால், கடையே நாடு மாறிவிடும். 'இரு' போன்ற நிலைவினைகளில் மட்டும் இவ்வேறுபாடு மங்குகிறது.

இதுவரை தமிழும் ஜப்பானியமும் இணைந்தே செல்கின்றன. முற்றுவினை எதிர்காலமாகும்போது அவை பிரிகின்றன. ஜப்பானியம் 'இத்த தொகி வாங்குவேன்' என இயல்பாகக் கூறும். தமிழில் 'போனபோது வாங்குவேன்' என்பது வழு. 'போகும்போது வாங்குவேன்' என்றால் வழியில் வாங்குவதாகவும் பொருள்படும். 'போனபின் வாங்குவேன்' என்பது வரிசையைக் காக்கும். 'போயிருக்கும்போது வாங்குவேன்' என்பது அங்கிருக்கும் நிலையையும் சேர்த்து உணர்த்தும். பின்னதில் உள்ள '-இரு', 'தரி'க்குள் மறைந்திருக்கும் 'அரி'யின் பணியையே செய்கிறது.

ஆகவே, மொழிபெயர்ப்பாளர் காலத்தொடரின் ஈற்றைக் கண்டவுடன் அதற்கு நேரான தமிழ்க் கால இடைநிலையைத் தேடலாகாது. இரு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதை முதலில் துணிதல் வேண்டும். அதன் பின்னரே தமிழ் வடிவத்தைத் தெரிதல் தகும்.