ஐந்து தாம்சன்களும் அவர்களின் காப்புரிமைகளும்

ஒரே வகுப்பில் மூன்று செந்தில்குமார்கள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? தலைப்பெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவார். அறிவியல் வரலாற்றிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே செந்தில்குமாருக்குப் பதில் 'தாம்சன்'. தாமஸின் மகன் என்று பொருள்படும் இந்தக் குடும்பப் பெயர் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் மிகச் சாதாரணம். எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் தாம்சன். காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவரும் தாம்சன். கடலடித் தந்திக்குக் கருவி செய்தவரும் தாம்சன். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரும் தாம்சன்!

இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள். செய்த தொழிலும் வேறு வேறு. இவர்களது காப்புரிமைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை உண்மையில் என்ன தருகிறது?

முதலில், காப்புரிமை என்றால் என்ன? அது அரசாங்கத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது என்று அரசு உறுதி தருகிறது. பதிலுக்கு அவர் தன் கண்டுபிடிப்பின் முழு விவரத்தையும் எழுதி ஊரறியக் கொடுத்துவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1. ஆர்.டபிள்யூ. தாம்சன் - பொறியாளர்

ராபர்ட் வில்லியம் தாம்சன் 1822-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் என்ற ஊரில் பிறந்தார். 14 வயதிலேயே பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பிறகு ரயில் பாதை வேலைகளில் பொறியாளர் ஆனார்.

1845-ல், 23 வயதில், 'காற்றுச் சக்கரம்' என்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பர் பூசிய கித்தான் துணியால் ஒரு குழாய், அதற்கு மேல் தோல் உறை, உள்ளே காற்று. அவ்வளவுதான், இன்றைய டயரின் தாத்தா தயார்! குதிரை வண்டியில் மாட்டி லண்டனில் ஓட்டியும் காட்டினார். ஒரு ஜோடிச் சக்கரம் 1200 மைல் வரை தாங்கியது.

ஆனால் யாரும் வாங்கவில்லை. ரப்பர் விலை அதிகம். சைக்கிளும் காரும் அப்போது பிறக்கவே இல்லை. குதிரை வண்டிக்காரர்களுக்கு அது அவசியமாகவும் படவில்லை. அந்தக் காலத்தில் காப்புரிமையின் ஆயுள் 14 ஆண்டுகள். அது காலாவதியானபோது தாம்சனுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

பிறகு ஜாவா தீவில் கரும்பு ஆலை இயந்திரங்களைக் கவனித்தார். ஊர் திரும்பியதும் கெட்டி ரப்பர் டயர் போட்ட நீராவி இழுவை வண்டியைச் செய்தார். 1870-களில் அந்த வண்டிகளைப் பஞ்சாபுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்த ராணுவ அதிகாரியின் பெயர் கிராம்ப்டன். ஆம், பின்னாளில் மின்சார நிறுவனம் தொடங்கி, நம் வீட்டு மின்விசிறிகளில் பெயர் பதித்த அதே கிராம்ப்டன்தான். தாம்சன் 1873-ல் இறந்தார். அவர் பெயர் எந்த டயரிலும் இல்லை.

2. வில்லியம் தாம்சன் - பேராசிரியர்

1824-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 22 வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கம்பி போட்டபோது அதில் பெரிய தொல்லை இருந்தது. விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது! நிறுவனத்தின் மின் பொறுப்பாளர் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். சில வாரங்களில் கம்பியே செத்துவிட்டது.

தாம்சன் சொன்ன வழி நேர் எதிரானது. மின்னோட்டம் பலவீனமாகவே இருக்கட்டும், அதை உணரும் கருவி நுட்பமாக இருக்கட்டும் என்றார். சிறு கண்ணாடி ஒன்றில் ஒளியைப் பிரதிபலித்து, கம்பியில் வரும் மிகச் சிறிய அசைவையும் காட்டும் கருவியைச் செய்து காப்புரிமை பெற்றார். 1866-ல் அட்லாண்டிக் கம்பி வெற்றி பெற்றது, அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து காப்புரிமைகளை முறையாக நிர்வகித்து நல்ல வருமானமும் பார்த்தார். வாழ்நாளில் சுமார் 70 காப்புரிமைகள்.

இவர் பெயர்க் குழப்பத்துக்கும் ஒரு தீர்வு கண்டார். 1892-ல் பிரபு ஆனபோது, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஆறு கெல்வின். வெப்பநிலைப் பாடத்தில் வரும் கெல்வின் இவரேதான்.

3. எலிஹு தாம்சன் - பள்ளி ஆசிரியர்

1853-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனவர். ஃபிலடெல்ஃபியாவில் தான் படித்த பள்ளியிலேயே வேதியியல் ஆசிரியர் ஆனார். உடன் பணியாற்றிய எட்வின் ஹூஸ்டன் என்ற ஆசிரியரோடு சேர்ந்து மின் விளக்கு, டைனமோ என்று ஆராய ஆரம்பித்தார். பிறகு ஆசிரியர் வேலையை விட்டு நிறுவனத்துக்குப் போனார். 1883-ல் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனம் உருவானது. 1892-ல் எடிசனின் நிறுவனமும் இதுவும் இணைந்ததுதான் ஜெனரல் எலக்ட்ரிக்!

மின்சாரப் பற்றவைப்பு, மின்சார மீட்டர் என்று இவர் பெற்ற காப்புரிமைகள் சுமார் 700. ஆய்வுக்கூடம், பணம், வழக்கறிஞர்கள் எல்லாம் நிறுவனம் தந்தது. ஆர்.டபிள்யூ. தாம்சனுக்குக் கிடைக்காதவை இவைதான். 1893-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கிளையின் வழியாக இவர் பெயர்தான் பின்னர் தாம்சன் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்தது.

4. ஜே.ஜே. தாம்சன் - ஆய்வாளர்

இவரும் மான்செஸ்டர்க்காரர்தான். எலிஹு பிறந்த மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1856-ல் பிறந்தார். இவர் ஆசைப்பட்டதும் பொறியாளர் ஆகவே. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர நாம்தான் பெரும் தொகை கட்ட வேண்டும். புத்தகக் கடை வைத்திருந்த தந்தை இறந்துவிட்டதால் குடும்பத்தால் முடியவில்லை. உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார்.

1897-ல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார், 1906-ல் நோபல் பரிசு பெற்றார். எலக்ட்ரானுக்குக் காப்புரிமை? கிடையாது. இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு அதை வாங்க முடியாது. பழைய தாம்சன் தொலைக்காட்சியின் படக்குழாய்க்குள் ஓடியது ஜே.ஜே. கண்டுபிடித்த எலக்ட்ரான், வெளியே எழுதியிருந்தது எலிஹுவின் பெயர்!

5. ஜி.பி. தாம்சன் - மகன்

ஜே.ஜே.யின் மகன் ஜார்ஜ் பேஜட் தாம்சன். எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்று காட்டி 1937-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தந்தையிடம் இல்லாத காப்புரிமை மகனிடம் இருந்தது. அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் உலைக்காக 1946-ல் மோசஸ் பிளாக்மன் என்பவரோடு சேர்ந்து விண்ணப்பித்தார். ஆனால் அரசு அதை ரகசியம் என்று பூட்டி வைத்துவிட்டது. ஊரறியச் சொல்ல வேண்டிய காப்புரிமை, யாரும் படிக்க முடியாத காகிதம் ஆனது.

கடைசியில் மிஞ்சியது யாருக்கு?

மீண்டும் முதல் தாம்சனிடம் வருவோம். 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஒரு கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் ஜான் பாய்ட் டன்லப். இம்முறை சைக்கிள் தயாராக இருந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அம்பத்தூர் வரை தொழிற்சாலை வைத்த பெயர் அது.

ஆனால் 1890-ல் டன்லப்புக்கு ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்தது. அவரது காப்புரிமை செல்லாது! காரணம், 1845-லேயே தாம்சன் இதை முழுமையாக எழுதிப் பதிவு செய்திருக்கிறார். டன்லப் நிறுவனம் டயரைச் சக்கர விளிம்பில் பொருத்தும் முறைக்கு வேறு இருவர் பெற்ற காப்புரிமைகளை வாங்கித்தான் தொழிலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தின் இரண்டாவது பாதி என்று முதலில் சொன்னது இதைத்தான். வில்லியமுக்கும் எலிஹுவுக்கும் காப்புரிமை பணம் தந்தது, ஏனென்றால் அவர்களுக்குப் பின்னால் கம்பி நிறுவனமும் மின்சார நிறுவனமும் நின்றன. ஜே.ஜே.க்கு அது தேவைப்படவே இல்லை. ஜி.பி.யின் காகிதம் பூட்டிக் கிடந்தது. ஆர்.டபிள்யூ.வின் காகிதம் அவருக்குப் பைசா தரவில்லை, ஆனால் அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து விழித்து எழுந்தது. காற்றடைத்த டயர் என்ற எண்ணத்தை எந்த ஒரு நிறுவனமும் தன்னுடையது என்று வேலி போட முடியாமல் தடுத்தது.

அடுத்த முறை சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது, பெயர் இல்லாத அந்தத் தாம்சனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து முக்கியம்: ஆர்.டபிள்யூ.